சேர்ந்து பாடும் சினிமாக் காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? நீலகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேர்ந்து பாடும் காட்சி என்றால் என்ன? சாதாரணக் காட்சிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

படம் அதே படம்தான். பாட்டு வரும் இடங்களில் மட்டும் திரையின் கீழே வரிகள் எழுத்தாக ஓடும். பாட வேண்டிய சொல் நிறம் மாறும். அரங்கில் இருப்பவர்கள் வாய்விட்டுப் பாடலாம், கைதட்டலாம், பெரும்பாலான இடங்களில் எழுந்து ஆடவும் ஆடலாம். வசனம் வரும்போது எல்லோரும் அடங்கி உட்கார்ந்துவிட வேண்டும். டிக்கெட் வாங்கும்போதே காட்சியின் பெயருக்குப் பக்கத்தில் 'சிங் அலாங்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே படம் அதே நாளில் சாதாரணக் காட்சியாகவும் ஓடும். மாற்றி எடுத்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு பழையது. 1920-களிலேயே அமெரிக்காவில் ஃப்ளைஷர் சகோதரர்கள் வரிகளின் மேல் ஒரு பந்து துள்ளித் துள்ளிப் போகும் குறும்படங்களை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் வடிவம் 1999-ல் லண்டனில் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் திரையில் எழுத்து ஓடாத குறையைப் பாட்டுப் புத்தகம் தீர்த்தது. 1931-ல் தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகளுக்குக் கொட்டகை வாசலில் அது விற்றது. கதையைப் பாதி சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்துவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து பாட்டுகளை அச்சிட்டிருப்பார்கள்.

வரிகள்தான் திரையில் வருகின்றனவே, முன்கூட்டியே எதற்குப் படிக்க வேண்டும்?

வரி தெரியாமல் யாரும் திணறுவதில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்று தெரியாமல்தான் திணறுகிறார்கள். பல்லவியை எல்லோரும் சரியாகப் பிடித்துவிடுவார்கள். இடையிசை முடிந்து சரணம் வரும்போது பாதி அரங்கு முந்திக்கொள்ளும், மீதிப் பாதி ஒரு சொல் தாமதமாக வரும். திரையில் வரியைப் பார்த்துப் படித்துப் பாடினால் எப்போதும் தாமதம்தான். கண் படித்து வாய் திறப்பதற்குள் பாடகர் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார்.

ஆகவே வீட்டில் பயிற்சி எடுக்க வேண்டியது வரியை அல்ல, எடுப்பை, அதாவது பாட்டு தொடங்கும் இடத்தை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சினிமாப் பாட்டு நாலு நாலு எண்ணிக்கையாகப் போகும். இடையிசையின் கடைசிச் சுற்றில் தொடையில் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணுங்கள். அடுத்த 'ஒன்று' விழும்போது பாடகர் வாய் திறக்கிறாரா, தட்டு விழுந்து அரை எண் கழித்துத் திறக்கிறாரா, அதற்கு முன்பே திறந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். பாட்டு வாத்தியார்கள் இந்த மூன்றையும் சமம், அனாகதம், அதீதம் என்பார்கள். சினிமாவில் சரணம் பெரும்பாலும் தட்டு விழுந்த பின்னால்தான் வரும். அதைக் குழந்தைகளுக்குப் பெயர் சொல்லி விளக்க வேண்டாம். 'தட்டு, பிறகு பாட்டு' என்றால் போதும். தட்டும் இடத்தில் 'ம்' என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டுத் தொடங்கச் சொன்னால் நாலு வயதுப் பிள்ளைகூட இரண்டாவது முறையில் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை பாட்டு கற்றுக்கொண்டால் போதும்? எத்தனை நாள் வேண்டும்?

ஆறு பாட்டுள்ள படத்தில் மூன்று போதும். ஒரு வாரம் இருந்தால் முதல் இரண்டு நாள் பல்லவிகள் மட்டும், அடுத்த மூன்று நாள் ஆளுக்கொரு சரணம், கடைசி இரண்டு நாள் சேர்த்துப் பாடுவது. நாளுக்குப் பத்து நிமிஷம், அதுவும் பள்ளிக்கூடம் போகும் வழியிலோ அடுப்படியிலோ நடந்தால்தான் நடக்கும். 'உட்கார், பாட்டு படி' என்றால் டியூஷன் ஆகிவிடும்.

படத்தில் வரும் வடிவத்தைக் கேட்டுப் பழகுங்கள். ஆல்பத்தில் நாலரை நிமிஷம் இருக்கும் பாட்டு, படத்தில் ஒரு சரணம் வெட்டப்பட்டு மூன்று நிமிஷமாக இருக்கலாம். இரண்டாவது சரணத்தை உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்த பிள்ளை அது வராமல் போகும்போது ஏமாந்துபோகும்.

பிள்ளைகள் ஆங்கில மீடியம். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிக்கிறார்கள்.

சில காட்சிகளில் வரி தமிழ் எழுத்திலும், சிலவற்றில் ஆங்கில எழுத்தில் தமிழாகவும் வரும். எது என்று அரங்கில் முன்பே கேட்டுவிடுங்கள். ஆங்கில எழுத்தில் வந்தால் ல, ள, ழ மூன்றும் கலந்துபோகும்; ண, ன இரண்டும் ஒன்றாகிவிடும். 'வாழை'க்கும் 'வாளை'க்கும் திரையில் வேறுபாடு தெரியாது. பெரியவர்கள் காதால் திருத்திப் பாடிவிடுவார்கள், பிள்ளைகள் எழுதியபடியே பாடுவார்கள். அதற்கு மருந்து கேட்டுப் பழகுவதுதான். தமிழ் எழுத்தில் வந்தாலும் வேகப் பாட்டைக் கூட்டிப் படித்துப் பிடிக்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லவியும், 'தந்தன', 'லாலா' வரும் இடங்களும் போதும். அவர்களுக்கு அதுதான் பிடிக்கவும் பிடிக்கும்.

அப்பாவால் உச்சம் எட்டவில்லை, அம்மாவுக்கு அடி எட்டவில்லை. என்ன செய்வது?

இது குரலின் குறை அல்ல, கட்டையின் (சுருதி அளவின்) கணக்கு. ஆண்கள் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். பெண்களும் சிறுவர்களும் ஐந்து, ஐந்தரைப் பக்கம். திரையில் ஓடும் பாட்டின் சுருதியை யாரும் மாற்ற முடியாது. ஆண் பாடகர் பாடிய பாட்டில் பெண்கள் அதே இடத்தில் பாடினால் அடிக்குரலில் காற்றுதான் வரும். ஒரு ஸ்தாயி (கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரை) மேலே எடுத்தால் பல்லவி சுகமாக இருக்கும், சரணத்தின் உச்சத்தில் கீச்சிடும். வழி என்னவென்றால், பல்லவியை மேலே பாடிவிட்டு, உச்சம் வரும் வரியில் கீழ் ஸ்தாயிக்கு இறங்கிவிடுவது. எந்த வரியில் இறங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் அரங்கில் குரல் உடையாது. பெண் பாடிய பாட்டுக்கு ஆண்கள் முழுப் பாட்டையும் ஒரு ஸ்தாயி கீழே பாடிவிடலாம். அதில் சிக்கல் குறைவு.

டூயட் என்றால் கவலையே இல்லை. ஆண் வரி ஆண்களுக்கு, பெண் வரி பெண்களுக்கு, பாட்டி எதை வேண்டுமானாலும்.

எந்தப் படத்துக்குக் கூட்டிப்போகலாம்?

வீட்டில் மூன்று தலைமுறைக்கும் ஒரு பாட்டாவது தெரிந்த படம். புதுப் படத்தின் முதல் வாரத்தில் இப்படிக் காட்சி போட்டால் பிள்ளைகள் மட்டும்தான் பாடுவார்கள். சான்றிதழைப் பாருங்கள். 2024-க்குப் பிறகு சான்று பெற்ற படங்களில் யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. பாட்டு நல்ல பாட்டாக இருந்தும் இடையில் அரிவாள் வீசும் படங்கள் ஏராளம். பாட்டு ஜாலியாக இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள்.

கைக்குழந்தையைக் கூட்டிப்போகலாமா? சத்தம் காதைப் பாதிக்காதா?

இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சாதாரணக் காட்சியில் ஒலிபெருக்கி மட்டும் பேசும். இங்கே ஒலிபெருக்கிக்கு மேல் இருநூறு தொண்டையும், விசிலும், கைதட்டலும் சேரும். ஒவ்வொரு மூன்று டெசிபல் ஏற்றத்துக்கும் காது தாங்கும் நேரம் பாதியாகிறது. 80 டெசிபலில் ஒரு வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் அரை மணி நேரத்துக்குள் தன் வாரப் பங்கை முடித்துவிடும். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இதைவிடவும் குறைவு.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை தலையில் மாட்டும் காதுக்கவசம் வாங்கிவிடுங்கள். பஞ்சு வைப்பது பயனில்லை; அது கூர்மையான சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதிர்வைக் குறைக்காது. கவசத்தை வீட்டில் இரண்டு மூன்று நாள் மாட்டிப் பழக்காமல் அரங்கில் புதிதாக மாட்டினால் பிடுங்கி எறிந்துவிடும். மலையில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கம்பளிக் குல்லாவின் மேல் கவசத்தை மாட்டினால் ஓரத்தில் இடைவெளி விழுந்து சத்தம் அப்படியே உள்ளே போகும். குல்லாவைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

பாட்டி காதுக் கருவி மாட்டியிருக்கிறார்.

தாராளமாக வரலாம். அரங்கில் நுழைந்ததும் ஒலியை இரண்டு படி குறைத்துவிடுங்கள். மப்ளரைக் காதோடு சேர்த்துச் சுற்றினால் கருவி 'கீ' என்று கத்தும். அதைக் கழுத்தோடு நிறுத்துங்கள். புது பேட்டரி ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பாட்டிக்குக் கடைசி வரிசை ஓர இருக்கை எடுத்தால் கழிப்பறைக்குப் போகவும் வசதி, ஆனால் கடைசி வரிசைக்குப் படி ஏற வேண்டும். முழங்கால் வலி இருந்தால் எந்த வரிசை நுழைவாயில் மட்டத்தில் இருக்கிறது என்று கவுண்டரில் கேட்டு அதையே எடுங்கள்.

எந்த இடத்தில் உட்கார்ந்தால் பாட வசதி?

நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால். முன் வரிசையில் வரிகளைப் படிக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வரிசையில் வேறொரு விஷயம்: ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். திரையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி இருப்பவர் காதுக்கு அது கிட்டத்தட்ட 0.06 நொடி தாமதமாக வரும். பாட்டில் இது தெரியாது, கைதட்டலில் தெரியும். முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு என்று சிதறும். கூட்டம் எப்போதும் இழுத்துத்தான் பாடும். பக்கத்து இருக்கையைக் கேட்காமல் திரையிலிருந்து வரும் தாளத்தைக் கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் வரிசையின் ஓரத்தில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளைகள், மறு ஓரத்தில் ஒரு பெரியவர். சுவர் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உள்ள இருக்கையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

குன்னூரிலிருந்து கோவைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால் எந்தக் காட்சி?

காலைக் காட்சி. இதில் எங்களுக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

கணக்கு இப்படி: குன்னூர் முதல் மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், மேட்டுப்பாளையம் முதல் கோவை 35 கிலோமீட்டர்தான் என்றாலும் ஊர் நெரிசலோடு அதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல். 11 மணிக் காட்சிக்கு ஏழரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஊட்டிக்காரர்கள் முக்கால் மணி நேரம் முன்னால். காட்சி இரண்டு மணிக்கு முடியும், சாப்பிட்டு மூன்றுக்குக் கிளம்பினால் ஐந்தரைக்குக் குன்னூர், இருட்டுவதற்குள் ஊட்டி. மாலைக் காட்சிக்குப் போனால் இரவு பதினோரு மணிக்குப் பர்லியாறு தாண்டிப் பனிமூட்டத்துக்குள் ஏறுவீர்கள். அந்த நேரத்தில் தேயிலைத் தோட்ட ஓரம் காட்டுமாடு நிற்பது அதிசயமில்லை. ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்தால் பனிமூட்டம் வெள்ளைச் சுவராகத் திருப்பி அடிக்கும், லோ பீம்தான் வழி. பின் இருக்கையில் தூங்கும் பிள்ளைகளோடு அதையெல்லாம் செய்ய வேண்டுமா?

நாள் என்றால் ஞாயிறு. சனிக்கிழமை பகலில் சமவெளிக் கூட்டம் மலை ஏறும்; நீங்களும் மத்தியானத்துக்கு மேல் அதோடு சேர்ந்து ஏற வேண்டும். ஞாயிறு மாலை அவர்கள் இறங்குவார்கள், நீங்கள் ஏறுவீர்கள். கோடை சீசனில் ஒருவழிப் பாதை அறிவித்தால் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூர்க்காரர்கள் காலையில் கோத்தகிரி சுற்றிப் போக நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பிடித்தால் குன்னூர் மலைப்பாதையில் மரமும் மண்ணும் விழும். டிக்கெட்டை முந்தின நாள் மாலை வானத்தைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மலை ரயிலை இந்தக் காரியத்துக்கு நம்ப வேண்டாம். அது வேடிக்கை பார்க்க.

சமவெளியிலிருந்து சொந்தக்காரர்கள் ஊட்டிக்கு வந்து நம்மோடு பார்க்கிறார்கள். அவர்கள் வண்டிக்கு?

இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. நீலகிரிப் பதிவு வண்டிக்குத் தேவையில்லை, அரசுப் பேருந்தில் வந்தாலும் தேவையில்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பு வைத்த காலமும் உண்டு. ஆகவே முதலில் பாஸ், பிறகு சினிமா டிக்கெட்.

அவர்கள் குடிக்கக் கொண்டுவரும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள், இல்லையென்றால் சோதனைச் சாவடியில் அத்தை முகம் சுருங்கும்.

இறங்கும்போது காது அடைத்துக்கொள்கிறது. அதோடு எப்படிப் பாடுவது?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1500 மீட்டர் இறக்கம். ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வர மூக்கின் பின்னால் இருக்கும் குழாய் திறக்க வேண்டும், அது விழுங்கினால்தான் திறக்கும். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய், கைக்குழந்தைக்குப் பால், பெரியவர்களுக்குக் கொட்டாவி. இறக்கத்தில் பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள், தூங்கும்போது விழுங்குவது குறையும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கி மூடியிருக்கும். வலியோடு இறங்கி, அடைத்த காதோடு பாடினால் தன் குரல் தலைக்குள்ளேயே முழங்கும், சுருதி தெரியாது. கடுமையான சளி என்றால் அந்த ஆளை இந்த முறை விட்டுவிடுங்கள்.

வாந்தி?

குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. பழகிய பிள்ளைகளுக்கே காலை வெறும் வயிற்றில் புரட்டும், நிறையச் சாப்பிட்டாலும் புரட்டும். இரண்டு இட்லி, சட்னி வேண்டாம், பால் வேண்டாம். போனைப் பார்த்துப் பாட்டு வரி படிப்பதை வளைவு முடியும்வரை தடை செய்யுங்கள், பாதி வாந்தி அதனால்தான் வருகிறது. வாந்தி மாத்திரை தூக்கம் வரவழைக்கும். காலை எட்டு மணிக்குப் போட்ட மாத்திரைக்குப் பிள்ளை முதல் பாட்டிலேயே தூங்கிவிடும். கொடுப்பதென்றால் டாக்டரைக் கேட்டு.

என்ன உடுத்துவது?

வெங்காயம் மாதிரி. உள்ளே பருத்திச் சட்டை, மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின். மேட்டுப்பாளையத்தில் எல்லாம் கழன்றுவிடும், அரங்கின் ஏசியில் ஸ்வெட்டர் மறுபடி ஏறும், திரும்பும்போது மலைப்பாதையில் காட்டேரி என்ற இடத்துக்கு வருமுன் ஜெர்கின் வேண்டும். ஜெர்கினை டிக்கியில் அடியில் போட்டு மேலே பை அடுக்காதீர்கள்.

பாடும்போது என்ன சாப்பிடலாம்?

பாடும்போது ஒன்றும் வேண்டாம். பாப்கார்ன் வாயில் இருக்கும்போது பாட மூச்சை இழுத்தால் அதன் உமி மூச்சுக்குழாய்க்குப் போகும். நாலு வயதுக்குக் கீழ் பாப்கார்னே கூடாது. இடைவேளையில் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, மறுபடி பாடுங்கள். ஐஸ் போட்ட குளிர்பானத்தை உச்சப் பாட்டுக்கு முன் குடித்தால் தொண்டை இறுகியதுபோல் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். வெளித் தீனி உள்ளே விடுவார்களா என்பது அரங்குக்கு அரங்கு மாறும், தண்ணீரைப் பெரும்பாலும் விடுவார்கள். வர்க்கியைக் காரிலேயே முடித்துவிடுங்கள். அது கடித்தால் உதிரும், உதிர்ந்தால் இருக்கைக்கு அடியில் போகும், பிறகு அரங்கு துடைப்பவர் சொல்லும் வார்த்தை பாட்டில் வராது.

பாட்டி ஆடுவதை வீடியோ எடுக்கலாமா?

பாட்டியை எடுக்கலாம், திரையை எடுக்கக் கூடாது. 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி அரங்கில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை; அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கும். 'பாட்டுதானே எடுத்தேன்' என்பது அங்கே எடுபடாது. எடுக்க ஆசை என்றால் படம் தொடங்குமுன், விளக்கு எரியும்போது, திரைக்கு முதுகைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அரங்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விசில், காகிதம் தூவுவது, சூடம் கொளுத்துவது?

விசில் சரி, குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் வேண்டாம். காகிதம் அரங்கைக் கேட்டு. நெருப்பு எந்தக் காரணத்துக்கும் கூடாது. கைபேசி டார்ச்சை மெதுவான பாட்டில் ஆட்டுவது அழகாக இருக்கும், ஆனால் முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்து, கண்ணைப் பார்த்து அல்ல.

எங்கள் எஸ்டேட் சமுதாயக் கூடத்தில் நாங்களே இப்படி ஒன்று நடத்தலாமா?

நடத்தலாம், அனுமதியோடு. வீட்டில் குடும்பத்தோடு பார்ப்பது வேறு, கூடத்தில் ஊரைக் கூட்டிக் காட்டுவது வேறு. டிக்கெட் போடாவிட்டாலும் அது பொதுக்காட்சிதான். ஓடிடி சந்தாவும் கடையில் வாங்கிய டிஸ்க்கும் அதற்கு உரிமை தராது. படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கூடத்தில் காட்சி நடத்த உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதியையும் கேளுங்கள்.

கருவிகளில் தவறு நடக்கும் இடங்கள் சில உண்டு. மூன்று மீட்டர் அகலத் திரைக்கு முழு இருட்டில் ஆயிரம் லூமன் புரொஜெக்டரே போதும்; ஆனால் எந்தச் சமுதாயக் கூடமும் முழு இருட்டாக இராது, 3000 லூமன் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் புளூடூத் வேண்டாம், கேபிள் போடுங்கள். புளூடூத்தில் ஒலி கால் நொடி வரை பிந்தலாம். வரி நிறம் மாறிய பிறகு குரல் வரும், கூட்டம் குழம்பிப்போகும். புரொஜெக்டரைக் குளிரில் ஜீப்பில் கொண்டுவந்து கூடத்துக்குள் உடனே போட்டால் லென்ஸில் ஆவி படியும். பையோடு அரை மணி நேரம் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள். மின்சாரம் போய் வந்தால் புரொஜெக்டர் விளக்கு கெடும், ஒரு சின்ன யூபிஎஸ் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வரி எங்கே வருகிறது என்பது. தியேட்டரில் தரை சரிந்திருக்கும், வரி கீழே வந்தாலும் தெரியும். கூடத்தில் தரை சமம். கீழே போட்ட வரிக்குப் பதில் மூன்றாம் வரிசைக்காரர் பார்ப்பது இரண்டாம் வரிசையின் கம்பளிக் குல்லாவைத்தான். வரியைத் திரையின் மேல் விளிம்பில் போடுங்கள், திரையின் அடியைத் தரையிலிருந்து நாலடி உயர்த்துங்கள். பன்னிரண்டு மீட்டர் தள்ளி இருப்பவர் படிக்க எழுத்து ஆறு சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. பாட வேண்டிய வரி, பாடத் தொடங்குமுன் ஒன்றரை நொடி முன்னால் திரையில் வந்துவிட வேண்டும்.

அந்த வரிகளை எப்படிச் செய்வது?

ஏஜிசப் என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டைக் கேட்டு ஒவ்வொரு வரிக்கும் தொடக்கம், முடிவு குறித்து, கரோக்கே முறையில் சொல்லைச் சொல்லாக வெட்டினால் நிறம் தானாக ஓடும். தமிழில் சொல்லாக மட்டும் வெட்டுங்கள். எழுத்தெழுத்தாக வெட்டினால் கொம்பு தனியே, எழுத்து தனியே பிரிந்து 'கொ' குலைந்துபோகும். ஒரு பாட்டுக்கு முதல் முறை இரண்டு மணி நேரம் ஆகும், ஐந்தாவது பாட்டுக்கு முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுவீர்கள். செய்தவர் அல்லாத ஒருவரைப் பாடச் சொல்லிச் சரிபாருங்கள். செய்தவருக்குப் பாட்டு மனப்பாடம், தவறு கண்ணில் படாது. படுக மொழிப் பாட்டு ஒன்றைச் சேர்க்க ஆசைப்பட்டால் தமிழ் எழுத்திலேயே எழுதலாம், ஆனால் எழுதியதை ஹட்டியில் (படுகர் ஊரில்) பெரியவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தமிழ் எழுத்தில் க-வும் ஹ-வும் ஒன்றாகிப்போகும் இடங்களை அவர்தான் பிடிப்பார்.

மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது.

கத்தியதால் குரல்நாண் வீங்கியிருக்கிறது. பேச்சைக் குறையுங்கள், கிசுகிசுக்காதீர்கள். கிசுகிசுப்பதும் அதைச் சிரமப்படுத்தும். வெந்நீர், ஆவி, ஓய்வு. இரண்டு மூன்று நாளில் சரியாகும். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

திரும்பும் வழியில் பிள்ளைகள் காரில் பாடிக்கொண்டே வருகிறார்கள். பரவாயில்லையா?

கல்லாறு வரை பரவாயில்லை. அதற்கு மேல் வளைவு தொடங்கிவிடும், ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கி எதிரே வரும் பேருந்தின் ஹாரனைக் கேட்க வேண்டும். அங்கே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: கொண்டை ஊசி எண் பலகையைப் பார்த்து 'பதினாலில் எத்தனை' என்று எண்ணுவது மட்டும் பிள்ளைகள் வேலை. பெரும்பாலும் ஆறாவது வளைவுக்குள் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். ஏற்றம்தானே, தூங்கட்டும்.